கடைசிச் சைக்கிளுக்குப் பின்னால் சுருண்ட ரோடு

சேம்பங்கொம்பைக்கு வந்த நல்லது எதுவும் வந்த வேகத்திலேயே திரும்பிப் போவது வழக்கம் என்பதால், சைக்கிள் பந்தயத்துக்காகப் போட்ட தார் ரோடு கடைசிச் சைக்கிளின் பின்சக்கரத்துக்குப் பின்னாலேயே, பாய் சுருட்டுகிற மாதிரி தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு மலையேறி வருவதைப் பார்த்தபோது ஊரில் ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை. கலெக்டர் ஒருமுறை மூச்சு வாங்க வாங்க நடந்தே ஏறி வந்தார்; அவர் வருவதற்கு முந்தின நாள் குடிதண்ணீர்க் குழாய் வந்தது, அவர் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துத் தலையாட்டியதும் குழாய் அவரோடேயே கீழே இறங்கிப் போய்விட்டது. தேர்தலுக்குத் தெருவிளக்கு வந்தது, ஓட்டுப்பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டே அதுவும் போனது. ஆகவே ரோடு சுருண்டு வந்ததும், வாசலில் சாமை காயவைத்திருந்தவர்கள், "சரி, கிளம்பிருச்சு" என்று முறத்தை எடுக்க எழுந்தார்களே தவிர, வேறொன்றும் கேட்கவில்லை.

முறத்தைத் தேடாமல் ரோட்டைப் பார்த்து ஓடி வந்தது ஒருத்திதான். அவள் காத்தாயி, அந்த ஊரின் வார்டு மெம்பர், எதையும் கத்திப் பேசியே பழகியவள், கத்தாமல் பேசினால் காய்ச்சலோ என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். அவள் தங்கை மயிலாவுக்கு அப்போது நிறைமாசம். இதற்கு முந்தின பிரசவத்தில் மயிலாவைக் கம்பில் தூளி கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு கல்லாத்துப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு இறங்கினார்கள்; பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது, பாறை வழுக்கியது, பிள்ளை ஒரு பாறை நிழலிலேயே பிறந்து, ஒரே ஒரு தடவை உதட்டைக் குவித்துவிட்டு அடங்கிப்போனது. அதைக் கையில் வாங்கியவள் காத்தாயிதான். இந்தப் பிள்ளை சக்கரத்தில்தான் போகும், தோளில் போகாது என்று அன்றைக்கே ஊர் கேட்கச் சபதம் போட்டிருந்தாள், அதைக் கேட்டு ஊர் சிரித்தது, ஏனென்றால் சக்கரம் வர ரோடு வேண்டும்.

ரோடு கேட்டு எத்தனை காலமாக மனுக் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள், மனு எழுதிக் கொடுத்த வாத்தியாரே செத்து, அவர் பேரன் வாத்தியாராகி அவனும் எழுத ஆரம்பித்துவிட்டான். மனுஷன் ஏற முடியாத சரிவு, ஆகையால் ரோடு போட இயலாது என்று ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. அப்புறம் அந்த வருஷம் மாசி மாதத்தில், வெளிநாட்டுப் பெரிய பந்தயங்களுக்குப் போகும் முன்னால் சைக்கிள் வீரர்கள் காலைச் சூடு பண்ணிக்கொள்ள ஐந்து நாள் மலைப் பந்தயம் ஒன்று நடத்த வேண்டும் என்று மேலே யாருக்கோ ஆசை வந்தது. மனுஷன் ஏற முடியாத சரிவு, ஆகையால் பந்தயத்துக்கு மிகவும் பொருத்தம் என்று அதே ஆபீசிலிருந்து அதே கையெழுத்தோடு கடிதம் போயிற்று, அடைக்கு உட்கார்ந்த கோழி குஞ்சு பொரிப்பதற்குள் கிழக்கு அடிவாரத்தில் தொடங்கி, சேம்பங்கொம்பையில் ஏறி, மேற்கே கல்லாத்துப்பேட்டையில் இறங்கும்படி கன்னங்கரேலென்று ஒரு ரோடு வந்துவிட்டது.

பந்தயம் ஊரைக் கடந்தது கண் சிமிட்டும் நேரம். கலர் கலராகச் சட்டை போட்ட ஒரு கூட்டம், முதுகை வளைத்துக்கொண்டு, கட்டெறும்புப் படை மாதிரி சர்ரென்று போனது. பழம் கொடுக்கலாம் என்று சீப்போடு நின்றவர்கள் சீப்போடேயே நின்றார்கள். ரொம்ப நேரம் கழித்து, வெயில் உச்சிக்கு வந்த பிறகு, ஒரே ஒருத்தன் மட்டும் நாக்குத் தள்ள, இடமும் வலமுமாகக் கோலம் போட்டுக்கொண்டு ஏறி வந்தான், அவனுக்குப் பின்னால்தான் ரோடு சுருண்டு வந்துகொண்டிருந்தது, வீட்டுக் கூரை உயரத்துக்கு, அதுவும் அவன் வேகத்துக்குத் தக்கபடி, பாவம், பொறுமையாக.

அவன் பெயர் லாசர். தூத்துக்குடிக்காரன், உப்பளத்து ரோட்டில் காற்றை எதிர்த்து மிதித்துப் பழகிய கால், மேடு என்றால் அவனுக்குப் பாலம் மட்டும்தான் தெரியும். ஒரு ஜட்டிக் கம்பெனி அவனுக்குச் சம்பளம் கொடுத்துச் சைக்கிளும் கொடுத்திருந்தது, அதற்காக முதுகில் ஜட்டிப் படம் போட்டிருந்தான். அவன் கலந்துகொண்ட எந்தப் பந்தயத்தையும் முடித்தவனில்லை. எல்லாவற்றிலும் கடைசியில் ஒரு வண்டி வந்து, "போதும் ஏறுப்பா" என்று அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விடும். இந்த ஒரு தடவையாவது, கடைசியாகவென்றாலும், முடிவுக்கோட்டைத் தொட்டுவிட வேண்டும் என்று அவன் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு வந்திருந்தான்.

ஊர் முகப்பில் பலாமரத்தடிக்கு வந்ததும் அவனுக்குக் கண் இருட்டியது, சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு இறங்கினான். அவன் இறங்கியதுதான் தாமதம், ரோடு சுருளுவதை நிறுத்திவிட்டுப் பின்சக்கரத்துக்குப் பின்னாலேயே நின்றது. காத்தாயி அதைப் பார்த்தாள். ஒரு விநாடிதான் பார்த்தாள், அவளுக்கு அது போதும். கையிலிருந்த கேழ்வரகுக் கூழை அவனிடம் நீட்டி, "குடிங்க தம்பி, குடிங்க" என்று அவள் சொன்னபோது அவள் குரல் அவ்வளவு மெதுவாக இருந்ததால் சுற்றி நின்றவர்கள் பயந்தே போனார்கள்.

அவன் மடக் மடக்கென்று குடித்து முடித்துவிட்டு, "வாறேன்க்கா" என்று சைக்கிளைத் தொட்டான்.

"எங்கீங்க கிளம்பறீங்க? எங்கூட்டுல கை நனைச்சிட்டீங்கல்ல?"

"ஆமாக்கா, கூழு குடிச்சேன்லா."

"எங்கூர்ல ஒரு ஊட்டுல கை நனைச்சா எல்லா ஊட்டுலயும் நனைக்கோணுமுங்க. ஒரு ஊட்ட உட்டுட்டுப் போனாலும் அந்த ஊட்டுக்காரங்க தூக்குல தொங்கிருவாங்க."

தொங்குகிறது எல்லாம் காத்தாயி சேர்த்தது. மற்றபடி வழக்கம் உண்மைதான், அந்த ஊர்க்காரர்கள் விருந்து விஷயத்தில் அப்படியொரு பிடிவாதக்காரர்கள், எவனோ ஒரு காலத்தில் ஒரு வீட்டில் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனதால் அடுத்த வீட்டுக்காரனோடு ஏழு தலைமுறைப் பேச்சுவார்த்தை முறிந்து, அதற்குப் பிறகு வைத்த கட்டுப்பாடு. அதோடு அவர்கள் சாதாரணமாகவா போடுவார்கள்? ஒரு வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு வேளை, சாப்பிட்ட களைப்புக்கு ஒரு தூக்கம் என்று போனால், சேம்பங்கொம்பையின் எல்லா வீட்டையும் முடிக்க மயிலாவுக்குப் பிரசவமாகி, பிள்ளைக்குப் பேரும் வைத்துவிடலாம் என்று காத்தாயி மனசுக்குள் கணக்குப் போட்டாள். லாசர் தூத்துக்குடிக்காரன், வீட்டுக்கு வந்தவனைச் சாப்பிடாமல் அனுப்பாத ஊர்க்காரன். "என்னக்கா இப்பிடி பண்ணுதிய" என்று சொல்லிக்கொண்டே அடுத்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினான்.

இப்படியாக ரோடு நின்றது. நின்ற ரோட்டைப் பார்த்ததும் ஊருக்கு ரோட்டின் மேல் பாசம் பொங்கிவிட்டது. சுருண்டு நின்ற சுருளுக்கு மூன்று இடத்தில் மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், கண்ணேறு படாமலிருக்க எலுமிச்சம்பழம் கட்டினார்கள். சுருளாமல் மிச்சமிருந்த ரோட்டில் சாமை காய்ந்தது, மிளகு காய்ந்தது, வேலையில்லாதவர்கள் அதில் காலை நீட்டிப் படுத்து, "அடடா, என்னா சூடு, இடுப்பு வலியே போயிருச்சு" என்றார்கள். ரோடு உள்ள ஊர் என்று பேர் பரவியதும், இத்தனை வருஷம் இந்த மலைக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்ற கீழூர்க்காரர்கள் ஊர்க்கவுண்டர் மகனுக்குப் பெண் பார்க்கச் சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். ரோடு என்று ஒன்று வந்துவிட்டால் அதில் வேகத்தடை போட்டால்தானே மரியாதை? ஊர்க்கவுண்டர் தன் வீட்டு வாசலில் ஒன்று போட்டார், அவரைவிட நாம் எதில் குறைச்சல் என்று எதிர்வீட்டுக்காரர் அதைவிட உயரமாக ஒன்று போட்டார், அப்புறம் தங்கள் தோட்டம் தொடங்குகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் ஆளாளுக்குப் போட்டுக்கொண்டே மேற்கே இறங்கினார்கள், எல்லாவற்றுக்கும் மெம்பர் என்ற முறையில் காத்தாயியே முன்னால் நின்று தேங்காய் உடைத்தாள். ஒரு வண்டிகூட வராத ரோட்டில் இத்தனை வேகத்தடை எதற்கு என்று யாருக்கும் தோன்றவில்லை.

வண்டி ஏன் வரவில்லை என்றால், வரக்கூடாது. அதைச் சொல்லத்தான் பந்தய ஒருங்கிணைப்பாளர் குலோத்துங்கன் மலையேறி வந்தார். பந்தயம் முடியும்வரை பந்தய ரோட்டில் சைக்கிளைத் தவிர எதற்கும் அனுமதியில்லை என்று உத்தரவில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான், அதனால் ஜீப்பைக் கீழே விட்டுவிட்டு, பள்ளிக்கூடப் பெண்களுக்கு இலவசமாகக் கொடுக்கிற சைக்கிள் ஒன்றில் உட்கார்ந்து, இரண்டு போலீஸ்காரர்கள் பின்னாலிருந்து தள்ள, தொப்பையில் ஹாண்டில்பார் இடிக்க இடிக்க வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாகக் காத்தாயி வீட்டில் கை நனைத்தும் தொலைத்தார்.

"ஏனுங்க, ஒரு ஆளு வல்லீன்னா அவன் பேர அடிச்சிட்டுப் பந்தயத்த முடிச்சிக்க வேண்டியதுதான?" என்று கேட்டார் ஊர்க்கவுண்டர்.

"பேர அடிக்கறது பெரிய காரியமில்லீங்க. ரோடு வரோணுமே! ஊருக்கெல்லாம் அஞ்சு நாளைக்கு அஞ்சு ரோடுன்னு சொல்லியிருக்கோம், போட்டது இது ஒண்ணுதான். இதைச் சுருட்டி லாரியில ஏத்தி அடுத்த மலையில விரிச்சாத்தான் அடுத்த நாள் பந்தயம். அந்த ரோடு கடைசி ஆளுக்குப் பின்னாலதான் வருமாம், வேற யாரு கூப்பிட்டாலும் வராதாம். எம்பது வீரனுங்க கல்லாத்துப்பேட்டை லாட்ஜுல இட்லி தின்னுட்டுக் குப்புறப் படுத்துக் கெடக்கறானுங்க. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?"

சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்தது. ஊர்க்காரர்கள் அவருக்காக வருத்தப்பட்டு இன்னொரு உருண்டை களி வைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மயிலாவுக்கு வலி கண்டது.

காத்தாயி ஓடி வந்து குலோத்துங்கன் முன்னால் நின்றாள். "சார், வண்டி சொல்லுங்க. ரோடு இருக்குது, ஆஸ்பத்திரி இருக்குது, வண்டி மட்டும் சொல்லுங்க."

"பந்தயம் நடக்கறப்ப வண்டி ஏத்தக்கூடாதும்மா."

"கல்லாத்துப்பேட்டையில ஆம்புலன்ஸ் நிக்குதாமே."

"அது போட்டியாளருக்கும்மா. போட்டியாளர் ஒருத்தர் ரோட்டுல இருக்கற வரைக்கும் அவருக்குன்னு ஒரு ஆம்புலன்ஸ் இருந்தே தீரணும். வேற ஆள ஏத்துனா எம்மேல எழுதிருவாங்க." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பந்தயம் முடிஞ்சிருச்சுன்னா தாராளமா வரலாம்."

"பந்தயம் முடிஞ்சா ரோடு இருக்காதே சார்!"

"அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார் குலோத்துங்கன், அது உண்மையும்கூட.

தூளி கட்டுங்கள் என்று ஊர்க்கவுண்டர் சொன்னார். நல்ல ரோடுதான் இருக்கிறதே, வழுக்காது, நடந்தே இறங்கிவிடலாம், மயிலாவும் பிழைப்பாள், ரோடும் நமக்கு நிற்கும் என்றார். காத்தாயி தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தாள். அப்புறம் திரும்பி, கை கழுவிக்கொண்டிருந்த லாசரிடம், "தம்பி, கீழ இறங்கறதுக்கு ஒனக்கு எம்புட்டு நேரமாகும்?" என்று கேட்டாள்.

"இறக்கம்தானக்கா, பிரேக்க விட்டா ஒரு பாட்டுக் கேக்கற நேரம். ஆனா எஞ்சைக்கிள்ல ரெண்டு பேரு ஏற முடியாதே. காத்து மாரி இருக்கும் அது."

"சார் சைக்கிள்ல கேரியர் இருக்குதுல்ல?"

ஊர்க்கவுண்டர் குறுக்கே வந்து நின்றார். "காத்தாயி, யோசிச்சுக்க. அவன் ஏறி மிதிச்சான்னா ரோடு போயிரும். எம்மவன் கல்யாணம் நின்னுபோயிரும்."

"பொண்ணு கெடைக்காட்டி உம்மவன் செத்தா போயிருவான்? போன தடவையும் தூளின்னுதான் சொன்னீங்க! எங்கையிலதான செத்துச்சு? ஒங்க கையிலயா?" காத்தாயி அலறிய அலறலில் பலாமரத்திலிருந்த காக்காயெல்லாம் கிளம்பிவிட்டது. "போவட்டும் ரோடு! எனக்கு வேணாம் ரோடு!"

ஊர்க்கவுண்டர் வழியை விட்டு விலகினார். பிறகு தன் மேல்வேட்டியை அவிழ்த்து, கேரியரில் மெத்தையாக மடித்துப் போட்டவரும், மயிலாவை லாசரின் முதுகோடு சேர்த்துச் சேலையால் கட்டியவரும் அவர்தான். சைக்கிள் மாறலாமா என்று லாசர் கேட்டதற்கு, ஆள்தான் மாறக்கூடாது, சைக்கிள் மாறலாம் என்று குலோத்துங்கன் வாயில் களியோடு தலையாட்டினார். காத்தாயி முன்னால் ஹாண்டில்பாருக்கும் லாசரின் நெஞ்சுக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டாள். மூன்று பேரோடு பள்ளிக்கூடச் சைக்கிள் நகர்ந்தது, சுருளும் முனகிக்கொண்டே பின்னால் புறப்பட்டது. ஊரே தெருவோரத்தில் நின்று, இடுப்பு வலி ஆற்றிய ரோடு தங்கள் வாசலிலிருந்து உரிந்து போவதைப் பார்த்தது. சில பேர் அழுதார்கள். சாமையை அள்ள மறந்தவர்கள் சாமையையும் சேர்த்துப் பறிகொடுத்தார்கள்.

அந்த இறக்கத்தைப் பற்றி லாசர் பிற்பாடு எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருந்தான். முதல் வேகத்தடையில் மயிலா "அம்மா" என்றாள். இரண்டாவதில் "அக்கா" என்றாள். மூன்றாவதிலிருந்து அவள் சொன்னதெல்லாம் அந்தந்த வேகத்தடையைப் போட்டவனின் பேரும், அவனைப் பெற்றவர்களைப் பற்றிய விவரமும். ஒவ்வொன்றுக்கும் தேங்காய் உடைத்த பாவத்துக்குக் காத்தாயி முன்னால் உட்கார்ந்து தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். கொண்டை ஊசி வளைவுகளில் லாசர் சாய்ந்த சாய்ப்பில் காட்டுப் பூ முகத்தில் உரசியது. கல்லாத்துப்பேட்டைக்காரர்கள் மட்டும் என்ன இளைத்தவர்களா, மேலே போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர்களும் ஆஸ்பத்திரி வாசலுக்கு நேரே எருமை முதுகு உயரத்துக்கு ஒன்று போட்டு வைத்திருந்தார்கள். சைக்கிள் அதில் ஏறி, ஒரு விநாடி அந்தரத்தில் நின்று, தொம்மென்று இறங்கியது. இறங்கும்போது சைக்கிளில் நாலு பேர் இருந்தார்கள்.

காத்தாயி குதித்து மடியில் வாங்கினாள். பெண் பிள்ளை. உதட்டைக் குவித்தது. சாமி சாமி என்று காத்தாயி அதன் முதுகைத் தேய்த்த தேய்ப்பில் அது வீறிட்டுக் கத்தியது பாருங்கள், மெம்பர் ரத்தம் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. நர்சம்மாக்கள் ஓடிவந்து தாயையும் பிள்ளையையும் உள்ளே கொண்டுபோனார்கள். காத்தாயி வாசலிலேயே உட்கார்ந்து, சந்தோஷம் தாங்காமல் அழுதாள்.

முடிவுக்கோடு அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், வெள்ளையாக, தோரணத்துக்குக் கீழே இருந்தது. "நான் போவட்டாக்கா?" என்று லாசர் கேட்டான்.

"போ தம்பி. போயித் தொடு."

அவன் தனியாக மிதித்துப் போய்க் கோட்டைத் தாண்டினான். வாணம் விட்டார்கள், மேளம் அடித்தார்கள், லாட்ஜிலிருந்து வந்த எண்பது பேரும் அவனைத் தோளில் தூக்கினார்கள், லாரிக்காரன் ரோட்டை ஏற்றிக்கொள்ளப் பின்கதவைத் திறந்து வைத்தான். ரோடு வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றது. கயிறு கட்டி இழுத்தார்கள், கடப்பாரை போட்டு நெம்பினார்கள், பரிசு கொடுக்க வந்திருந்த சிறப்பு விருந்தினர் மேடையிலிருந்து இறங்கி வந்து அதனிடம் இரண்டு வார்த்தை பேசிக்கூடப் பார்த்தார். அது பிரசவ வார்டு ஜன்னலோரமாகச் சாய்ந்துகொண்டு அசையாமல் கிடந்தது.

காத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு சுருளைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. பந்தய ரோட்டில், பந்தயச் சைக்கிளில், கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்து வந்து சேர்ந்த ஆள் ஒருத்தி இன்னும் கோட்டைத் தாண்டவில்லை. லாசர் கடைசி ஆள் இல்லை. வாழ்நாளில் முதல்முறையாக அவன் கடைசிக்கு முந்தினவன்.

அதே நேரத்தில் நடந்தே இறங்கி வந்து சேர்ந்த குலோத்துங்கனுக்கும் புரிந்துவிட்டது, படித்தவர் அல்லவா. கையில் மாலையோடு வாசலுக்கு வந்து, "பிள்ளையக் கொஞ்சம் தூக்கிட்டு வாங்கம்மா, பத்தே அடிதான், அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சிறப்பு விருந்தினர் ஐயா நிக்கறாரு, அவரு கையால பேர் வைப்பாரு, தங்கத்துல மோதிரம் போடுவாரு, போட்டோ பிடிப்பாங்க" என்று தேனாகப் பேசினார்.

"பச்சப்புள்ளைங்க. வெயில்ல கொண்டுட்டு வரமாட்டோம்."

"குடை பிடிக்கறோம்மா."

"பேரு நாங்களே வெச்சுக்கறோம்" என்று சொல்லிவிட்டுக் காத்தாயி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மயிலா எழுந்து நடமாடத் தொடங்கியதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேற்கு அடிவாரத்திலிருந்து கிளம்பினார்கள், அவர்கள் காலடிக்கு முன்னாலேயே ரோடு சுருள் பிரிந்து விரிந்துகொண்டே போய், வேகத்தடைகளோடும் சாமையோடும் ஊரைத் தொட்டு, கிழக்கு அடிவாரம்வரை தானாக இறங்கிப் படுத்துக்கொண்டது. ஊர்க்கவுண்டர் மகனுக்கு அதே பெண்ணோடு கல்யாணம் நடந்தது. மிச்சமிருந்த நாள் பந்தயங்கள் காகிதத்திலேயே நடந்து காகிதத்திலேயே ஒருவர் ஜெயித்தார். போட்டியாளர் ஒருத்தி ரோட்டில் இருக்கிறவரை ஆம்புலன்ஸ் இருந்தே தீர வேண்டும் என்பதால் அது சேம்பங்கொம்பையிலேயே நிறுத்தப்பட்டது. போட்டியாளருக்குத் துணை வண்டிகள் உண்டு என்று உத்தரவின் அடியில் இருந்ததை வாத்தியார் பேரன் படித்துச் சொன்ன பிறகு, வாழைத்தார் ஏற்றுகிற டெம்போ முதல் டவுன் பஸ் வரை எல்லாமே அந்தப் பிள்ளைக்குத் துணை வண்டி என்று எழுதி ஒட்டிக்கொண்டு ஓடின. அதற்கப்புறம் மலையில் எந்தப் பிள்ளையும் பாறை நிழலில் பிறக்கவில்லை.

ஒவ்வொரு மாசிக்கும் குலோத்துங்கன் மட்டும் மறக்காமல் மலையேறி வருவார். கணக்கை முடிக்காமல் அவருக்குப் பதவி உயர்வு கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். முதல் வருஷம் வந்தபோது பிள்ளை ரோட்டின் நட்டநடுவில் தவழ்ந்துகொண்டிருந்தது. கோட்டுக்கு எந்தத் திசை என்று அதற்குத் தெரியாது, ஒரு சாண் மேற்கே போவதும், எறும்பைப் பார்த்ததும் திரும்பிக் கிழக்கே வருவதுமாக இருந்தது.

"பாப்பா எப்பம்மா பந்தயத்த முடிக்கும்?" என்று அவர் அதன் பக்கத்தில் குந்தி, ஏக்கத்தோடு கேட்டார்.

"வரும் சார், வரும். என்ன அவசரம்?" என்றாள் காத்தாயி. "மனு குடுத்துட்டுப் போங்க, பாக்கலாம்."